மூச்சுக்குழாயில் பச்சைக்கோட்டுச் சட்டை

மூக்கு மெக்கானிக் தன் சகலைக்குத் தர வேண்டிய கடன் பன்னிரண்டாயிரம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. பெருங்காற்றில் பட்டறைக் கூரை பறந்து போன வருஷம் புதுத் தகரம் போட வாங்கியது. சகலை அந்தப் பணத்தை ஒட்டிய கவரில் வைத்து நீட்டினார். "எண்ணிப் பாக்க வேணாம் அண்ணே, சரியா இருக்கும்" என்றார். கடன் வாங்கியதைவிட அந்த வார்த்தைதான் மூக்குக்காரருக்கு உறுத்தியது. கொடுக்கிறவன் எண்ணிக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவன் எண்ணி வாங்க வேண்டும். எண்ணாமல் கொடுத்தால் இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா என்றுதானே அர்த்தம். மூன்று வருஷமாயிற்று. சகலை ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை அந்த மனுஷர்.

மூக்குக்காரர் அப்படி ஒன்றும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அஞ்சாம் வகுப்போடு பையைத் தூக்கி எறிந்துவிட்டு, மண்ணெண்ணெய் டப்பாவில் நட்டும் போல்ட்டும் கழுவப் போனவர். எட்டு வருஷம் கழுவினார். எந்த நட்டு எந்த வண்டியுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லுவார். பழைய கார்கள் என்றால் அவரை அடிக்க ஆள் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து, மேலே வரும் புகையை மோந்து பார்த்து, "மூணாவது பிஸ்டன் ரிங்கு போச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான் போயிருக்கும். அப்படி வந்த பெயர்தான் மூக்கு. பட்டறைக்குப் பலகை கிடையாது, ரசீதுப் புத்தகம் கிடையாது. இடம், தகரம், எஞ்சின் தூக்கும் சங்கிலிக் கப்பி, வீட்டில் இரண்டு பெண்களின் கல்யாணம், எல்லாம் அந்த மூக்கு சம்பாதித்தது.

சகலை வேறு மாதிரி. மனைவியின் தங்கையைக் கட்டியவர், வயதில் பன்னிரண்டு சின்னவர். படித்துவிட்டுத் தொழிலுக்கு வந்தவர். அவருடைய ஒர்க் ஷாப்பில் தரையில் டைல்ஸ். சுவரில் கண்ணாடி போட்ட சர்ட்டிபிகேட் மூன்று. பட்டனை அழுத்தினால் காரை மேலே தூக்கும் மெஷின். வாடிக்கைக்காரர் உட்காரக் குளிர்பதன அறை, அதில் மீன்தொட்டி. மூக்குக்காரர் முதல் தடவை அங்கே போனபோது மீன்தொட்டியைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அழகா இருக்கில்ல" என்றாள் மனைவி.

"மீனுக்கு என்ன ரிப்பேராம்?" என்றார் அவர்.

எல்லாவற்றையும்விட அவருக்கு ஆறாதது சகலையின் கைகள். நாள் முழுக்க எஞ்சினில் வேலை பார்த்தும் நகக்கண்ணில் ஒரு பொட்டுக் கறுப்பு இருக்காது. ரப்பர் உறை போட்டுக்கொண்டு வேலை செய்கிறார். மூக்குக்காரரின் உள்ளங்கை ரேகையெல்லாம் ஆயிலில் ஊறி, கறுப்பு மையால் கோடு போட்டது மாதிரி இருக்கும். பெண்ணின் கல்யாணப் போட்டோவில் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றவர் அவர். பக்கத்தில் சகலை முன்னால் கை கோத்து நின்றார், பத்து விரலும் தெரிய.

அந்தக் கல்யாணத்துக்குச் சகலை அவருக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். வெள்ளையில் மெல்லிய பச்சைக்கோடு போட்ட உசத்தித் துணி. மூக்குக்காரர் அதை ஒரு நாளும் உடம்பில் போடவில்லை. பட்டறைக்கு எடுத்துப் போய், கத்தரியால் நான்காக வெட்டி, கை துடைக்கும் துணிகளோடு போட்டுவிட்டார். அந்தச் சட்டையால் கறுப்பு ஆயிலைத் துடைக்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

இந்தச் சங்கதியெல்லாம் முற்றியது பல் டாக்டரின் காரில்.

பல் டாக்டரிடம் மூன்று பழைய கார்கள். அதில் மூத்தது ஒரு கருநீலக் கார். இருபது வருஷமாக மூக்குக்காரர் கையில்தான் இருந்தது. டாக்டர் வீட்டு முகப்பில் புதிதாக வெள்ளை டைல்ஸ் பதித்தார். அன்றைக்கு ஆரம்பித்தது வினை. கார் நிற்கிற இடத்தில் தினம் நாலைந்து சொட்டு ஆயில்.

அது ரிப்பேர் இல்லை. அந்தக் காலத்து எஞ்சினின் குணமே அதுதான். பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் புகை கீழே ஆயில் தொட்டிப் பக்கம் இறங்கத்தான் செய்யும். அது வெளியே போக வேண்டும். அதற்காக எஞ்சின் பக்கவாட்டில் ஒரு குழாய் வைத்து, ரோட்டைப் பார்க்கத் தொங்க விட்டிருப்பார்கள். மேலே ஆயில் ஊற்றுகிற மூடியில் கம்பிவலை வைத்து ஓட்டை விட்டிருப்பார்கள். மூடி வழியாகக் காற்று உள்ளே போகும், குழாய் வழியாகப் புகை வெளியே போகும். மனுஷன் மூச்சு விடுகிற மாதிரிதான். மூச்சுக்குழாய் என்றே மூக்குக்காரர் சொல்லுவார். அந்தக் குழாயின் வாயில் ரெண்டு சொட்டு ஆயில் நிற்கும், விழும். பல் டாக்டருக்கு இதை எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை.

"சொட்டக் கூடாது. உங்களால முடியலைன்னா சொல்லுங்க. உங்க சகலை நிறுத்தித் தர்றேன்னு சொல்றாரு."

சகலை பெயரைக் கேட்டதும் மூக்குக்காரருக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. முறையாகச் செய்வதென்றால் குழாய்க்குக் கீழே சின்ன டப்பா ஒன்று செய்து, உள்ளே இரும்பு நார் வைத்து மாட்ட வேண்டும். டப்பா செய்ய ஒரு வாரமாகும். டாக்டர் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார். கையில் இருந்தது பச்சைக்கோட்டுச் சட்டையின் ஒரு துண்டு. அதைச் சுருட்டிக் குழாய்க்குள் ஒரு சாண் உயரத்துக்குத் திணித்துவிட்டார். ஒரு வாரம்தானே, டப்பா ஆனதும் உருவிவிடலாம் என்று நினைத்தார். கற்றுக்குட்டிகூடச் செய்யாத வேலை. நாற்பது வருஷத் தொழில்காரர் செய்தார். சகலையிடம் வண்டி போய்விடக் கூடாது என்ற ஒரே காரணம்.

சொட்டு நின்றது. ஆனால் கீழே போக வேண்டிய புகை மேல்மூடி வழியாகத் திரும்பிக் காருக்குள் அடித்தது. டாக்டர் சம்சாரத்துக்குத் தலைவலி. நாலாவது நாளே கருநீலக் கார் சகலையின் ஒர்க் ஷாப்புக்குப் போய்விட்டது. எது நடக்கக் கூடாதென்று துணியைத் திணித்தாரோ, அந்தத் துணியே அதை நடத்தி வைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் மதியச் சாப்பாடு. சகலை சாதாரணமாகத்தான் சொன்னார்.

"டாக்டர் வண்டியில வாடை வந்துச்சுல்ல அண்ணே, நிறுத்திட்டேன். பழைய மூடியை எடுத்துட்டுப் புதுசா பளபளன்னு குரோம் மூடி ஒண்ணு போட்டேன். காத்துப் புகாத மூடி. ஒரு துளி வாடை இல்ல."

மூக்குக்காரரின் கை தட்டிலேயே நின்றது. கீழே துணி. மேலே ஓட்டையில்லாத மூடி. இனி அந்த எஞ்சின் எந்த வழியாக மூச்சு விடும்? உள்ளே புகை கட்டும். கட்டிய புகை ஆயிலைத் தள்ளும். எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே பிதுங்கும். முதலில் பிதுங்குவது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், ஆயில் கசியாமல் அடைக்கிற வளையமான பின்பக்க சீல். அதை மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு கவளம் மென்று விழுங்குகிற நேரத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லா இருக்கு" என்றார்.

"மூடியா அண்ணே?"

"சாப்பாடு."

பத்து நாளில் பின்பக்கம் ஆயில் ஒழுகியது. சகலை எஞ்சினை இறக்கிப் புது சீல் போட்டு, அழகுக்குக் குழாய்க்கு வெளியே கறுப்புப் பெயிண்ட்டும் அடித்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் மறுபடியும் ஒழுகல். சீல் மட்டம் என்று நினைத்து, உசத்தி சீல் வரவழைத்து, மறுபடியும் இறக்கி ஏற்றினார். மறுபடியும் ஒழுகல். டாக்டர் சத்தம் போட்டார் என்றும், இரண்டு தடவைக்கான கூலி ஏழாயிரத்தை நிறுத்திவிட்டார் என்றும் சேதி வந்தது.

மூக்குக்காரர் அந்த இரண்டு மாதமும் பட்டறையில் பாட்டு முணுமுணுத்தபடி வேலை பார்த்தார். சர்ட்டிபிகேட்டுக்குச் சீல் போடத் தெரியவில்லையா என்று தனக்குத்தானே கேட்டுச் சிரித்துக்கொண்டார். ஒரு பகல் கொழுந்தியாள் வீட்டுக்கு வந்தாள். அக்காளிடம் பேசுவதுபோல ஆரம்பித்து அவர் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், அவர் ராத்திரி தூங்குறதில்ல. தூக்கி மெஷினுக்கு மாசத் தவணை நிக்குது. டாக்டர் நாலு பேர்கிட்டச் சொல்லி, வர்ற வண்டியும் நின்னு போச்சு. நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்."

"படிச்சவர் பாக்காததையா நான் பாத்துடப் போறேன்?"

"அத்தான்."

"அவரே கூப்பிடட்டும். வர்றேன்."

அழுத தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மனைவி வாசல்வரை போனாள். திரும்பி வந்து, "உங்களுக்குக் கல்லு மனசு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே சகலை கூப்பிட்டார். "அண்ணே, எனக்குப் பிடிபடல. நீங்க வந்து மோந்து பாத்தாத்தான் உண்டு." இந்த ஒரு வார்த்தைக்காகப் பல வருஷம் காத்திருந்தவர் மூக்குக்காரர். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, இரும்பு நார் வைத்துச் செய்து முடித்திருந்த அந்தச் சின்ன டப்பாவை ஒரு பையில் வைத்துக்கொண்டு போனார்.

டாக்டரும் வந்திருந்தார். அதுவும் தோதாகப் போயிற்று. எஞ்சினை ஓடவிடச் சொன்னார். பளபளக்கும் மூடியைத் திருகினார். குக்கர் திறந்தது மாதிரி உஸ்ஸென்று காற்று வந்தது. குனிந்து மோந்தார். தேவையே இல்லை. ஆனாலும் நிதானமாக மோந்தார், நாலு பேர் பார்க்கட்டும் என்று.

"சீல்ல ஒரு குத்தமும் இல்ல. இது மூச்சு முட்டுது. இந்த மூடியை யாரு போட்டது?"

"நான்தான் அண்ணே."

"இதுல ஓட்டை எங்க?"

சகலை மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. பழைய மூடியைத் தூக்கி எறிந்திருப்பார் என்று நினைத்தால், இல்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வைத்திருந்தார். எடுத்து வந்து கொடுத்தார். அந்த ஒழுங்கும் மூக்குக்காரருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"கீழயும் ஒரு பார்வை பாத்துடுறேன்" என்று சொல்லி, காருக்கடியில் மல்லாந்து படுத்துப் புகுந்தார். தூக்கி மெஷின் எதிரே இருந்தும், வேண்டாம் என்றார். யாரும் பார்க்காத இடத்தில், நீள மூக்குக் குறடு ஒன்றைக் குழாய்க்குள் நுழைத்துத் துணியை உருவினார். ஒரு சாண் கறுப்பு. மடிப்புக்குள் மட்டும் இரண்டு விரற்கடைக்குப் பச்சைக்கோடு பளிச்சென்று தெரிந்தது. கால்சட்டைப் பைக்குள் திணித்தார். டப்பாவைக் குழாயின் வாயில் மாட்டிவிட்டு வெளியே வந்தார்.

டைல்ஸ் தரையில் செய்தித்தாளை விரித்து, அரைமணி நேரம் எஞ்சினை ஓட விட்டார்கள். தாளில் ஒரு சொட்டு இல்லை. உள்ளே வாடை இல்லை.

"ஒரு மூடிக்கா என் எஞ்சினை ரெண்டு தடவை இறக்கினீங்க?" என்றார் டாக்டர் சகலையிடம்.

"என் தப்புதான் சார். ஏழாயிரத்தை நீங்க தர வேணாம்."

"தர்றதா யாரு சொன்னா?" என்றுவிட்டு டாக்டர் மூக்குக்காரர் பக்கம் திரும்பினார். "நாளையிலிருந்து மூணு வண்டியும் உங்ககிட்டயே. முழுசா இறக்கிப் பார்த்துடுங்க. முன்பணம் அனுப்புறேன்."

நினைத்தது எல்லாம் ஒரே நாளில் நடந்தது. சகலை அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். ரப்பர் உறையைக் கழற்றி, "ரொம்ப நன்றி அண்ணே. படிப்புல இதெல்லாம் சொல்லித் தரல" என்று சிரித்தார். மூக்குக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். இரண்டு மாத ஒழுகலில் ஆயில் உறையையும் தாண்டிப் போயிருந்தது. நகக்கண்ணெல்லாம் கறுப்பு. தன் கை மாதிரியே இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம். சந்தோஷம் வரவில்லை. இந்த ஆள் இப்படித் தோற்றுவிட்டும் எப்படிச் சிரிக்கிறான் என்று அதற்கும் பொறாமைதான் வந்தது.

இரண்டு நாள் கழித்து, துவைக்க எடுத்த கால்சட்டையோடு மனைவி கூடத்துக்கு வந்தாள். மற்றொரு கையில் அந்தத் துணி.

"இதென்ன?"

"கை துடைச்ச துணி. தூக்கிப் போடு."

அவள் மடிப்பைப் பிரித்தாள். "இது தங்கச்சி வீட்டுல எடுத்துக் கொடுத்த சட்டை இல்லையா? நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு? சின்னதா இருக்குன்னு யாருக்கோ கொடுத்துட்டேன்னு சொன்னீங்க."

"பட்டறையில கெடந்துச்சு."

"பட்டறையில கெடந்தது ஏன் இப்படிக் குழாய் மாதிரி உருண்டு நிக்குது?"

முப்பது வருஷம் மெக்கானிக்குக்கு வாழ்க்கைப்பட்டவள். எதை எதில் திணித்தால் எந்த உருவத்துக்கு வரும் என்று அவளுக்கும் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே முடித்தாள்.

"டாக்டர் வண்டியில இருந்தா எடுத்தீங்க?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"எப்ப வச்சீங்க?"

சொன்னார். முழுசாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டையும் சேர்த்தே சொன்னார். கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தவில்லை. துணியை அவர் மடியில் போட்டாள்.

"என் தங்கச்சி இந்த வீட்டு வாசல்ல வந்து அழுதா. நீங்க அவரே கூப்பிடட்டும்னீங்க." சற்று நின்று, "சோறு அடுப்புல இருக்கு, போட்டுச் சாப்பிட்டுக்கோங்க" என்று சொல்லி உள்ளே போனாள். முப்பது வருஷத்தில் அவராகப் போட்டுச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

மூக்குக்காரருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. நட்டு கழுவின காலத்தில் அடி வாங்கியிருக்கிறார், கேட்டதில்லை. ஆனால் கூலிக் கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருவன் உழைப்பை இன்னொருவன் வீணாக்கினால் அதற்கு விலை உண்டு. டாக்டர் அனுப்பிய முன்பணம் பதினைந்தாயிரம். மிச்சத்துக்குப் பட்டறையின் பழைய சங்கிலிக் கப்பியை விற்றார். அது அவர் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய சாமான். விற்ற கையோடு டாக்டரைப் போனில் கூப்பிட்டு, துணி வைத்தது தான்தான் என்று சொன்னார். டாக்டர், "பல்லு பிடுங்க வந்தா மயக்க மருந்து இல்லாமப் பிடுங்கிடுவேன்" என்றார். மூன்று வண்டியில் எதை யாரிடம் விடுவதென்று பேச்சு நடந்தது. அதிலும் மூக்குக்காரர் பேரம்தான் பேசினார்.

மத்தியானம் சகலையின் ஒர்க் ஷாப்புக்குப் போனார். குளிர்பதன அறையில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மீன்தொட்டிப் பக்கத்தில் நின்றபடி, "கையை நீட்டுங்க சகலை" என்றார்.

"எதுக்கு அண்ணே?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க. உறையைக் கழட்டிட்டு."

சகலை ரப்பர் உறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்தார். மூக்குக்காரர் சட்டைப் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்து, ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளாக எண்ணி வைக்க ஆரம்பித்தார்.

"கவர்ல போட்டுக் கொடுத்தாலே போதுமே, எண்ணணுமா அண்ணே?"

"எண்ணணும். உங்களுக்குத்தான் அந்தப் பழக்கம் கிடையாது." பன்னிரண்டாவது நோட்டை வைத்தார். "இது கூரைக் காசு."

சகலை கையை மூடப் போனார். மூக்குக்காரர் விரல்களைப் பிடித்துத் திறந்துவிட்டு, பதின்மூன்றாவது நோட்டை வைத்தார்.

"வட்டியெல்லாம் வேணாம் அண்ணே."

"வட்டி யாரு தர்றா? ரெண்டு தடவை எஞ்சினை இறக்கின கூலி."

"அதை நீங்க ஏன்..."

மூக்குக்காரர் மற்றொரு பையிலிருந்து துணியை எடுத்து மீன்தொட்டியின் மூடிமேல் வைத்தார். "மூச்சுக்குழாய்க்குள்ள இருந்துச்சு. உங்க மூடிக்கு முன்னாடியே இருந்துச்சு. வச்சது நான். நீங்க மூடியைப் போட்டேன்னு சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும்."

சகலை துணியைப் பார்த்தார். மடிப்புக்குள் தெரிந்த கோட்டைப் பார்த்தார். கடையில் நாலு சட்டை விரித்துப் போட்டு அதைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தானே. கொஞ்ச நேரம் அவர் முகம் இறுகிக் கிடந்தது. கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

"ரெண்டு மாசம் அண்ணே" என்றார். "என் சர்ட்டிபிகேட்டைக் கழட்டிடலாமான்னுகூட நெனச்சேன்."

"தெரியும். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். கருநீல வண்டி உங்ககிட்டத் திரும்பி வரும்."

"மத்த ரெண்டும்?"

"அது எனக்கு. ரெண்டையும் தூக்கிக் கொடுக்குற அளவுக்கு நான் இன்னும் நல்லவன் ஆகல."

சகலை சிரிக்கவில்லை. விரித்த கை லேசாகத் தாழ்ந்தது. அந்தக் கையின் ரேகைகளில் கறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. மூக்குக்காரர் தன் இடது கையைக் கொடுத்து அதைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணினார்.

"பதினாலு. பதினஞ்சு. பதினாறு."

"எண்ணுங்க அண்ணே" என்றார் சகலை. "நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பதினேழு. பதினெட்டு." கடைசி நோட்டை விரலால் சுண்டி, இரட்டையாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "பத்தொம்பது."